பெங்களூரில் கார்களுக்கு நடுவே பைக் ஓட்டுவது எப்படி: புதிதாக வந்தவர்களுக்கு

சேலத்திலோ வேலூரிலோ பத்து வருடம் வண்டி ஓட்டியவர்கூட பெங்களூருக்கு வந்த முதல் மாதம் கொஞ்சம் திணறுவார். ஊரில் பைக் கூட்டத்துக்கு நடுவே கார்தான் பார்த்துப் பார்த்துப் போகும். இங்கே அவுட்டர் ரிங் ரோட்டில் காலை ஒன்பது மணிக்கு நான்கு பக்கமும் கார் நிற்கும். அதிலும் நிறைய மஞ்சள் போர்டு டாக்ஸி. ஓட்டுபவரின் ஒரு கண் டாஷ்போர்டில் ஒட்டிய போன் மேல் இருக்கும். பஸ், தண்ணீர் டேங்கர், கம்பெனி வேன், டெலிவரி ஸ்கூட்டர் எல்லாம் மீதி இடத்துக்குப் போட்டி போடும்.

பைக் ஓட்டத் தெரிவது ஒன்று, கார்காரரை நமக்குச் சாதகமாக முடிவெடுக்க வைப்பது இன்னொன்று. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது. அடுத்த இரண்டு நொடியில் ஒரு கார் என்ன செய்யும் என்பதில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது. நீங்கள் வரும் இடம், வேகம், விளக்கு, கை அசைவு இவற்றைப் பார்த்துத்தான் அவர் காலை பிரேக்கில் வைப்பதா ஆக்ஸிலரேட்டரில் வைப்பதா என்று தீர்மானிக்கிறார். எங்கே போகப் போகிறது என்று ஊகிக்க முடிகிற வண்டிக்குப் பெரும்பாலும் இடம் கிடைக்கும். ஊகிக்க முடியாத வண்டிக்கு ஹாரன்தான் கிடைக்கும், சில சமயம் பம்பரும்.

முதலில் காருக்குள் உட்கார்ந்து பாருங்கள்

கார் ஓட்டத் தெரியாதவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பர் யாரிடமாவது கார் இருந்தால், நிறுத்தி வைத்த வண்டியிலேயே செய்துவிடலாம். கால் மணி நேரம் போதும்.

1. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து மூன்று கண்ணாடிகளையும் உங்கள் உயரத்துக்குச் சரி செய்யுங்கள்.
2. நண்பரை உங்கள் பைக்கில் பின்னாலிருந்து இடப்பக்கமாக மெதுவாக வரச் சொல்லுங்கள். நடுக் கண்ணாடியில் தெரிவார், பிறகு இடது கண்ணாடிக்கு மாறுவார், பின்கதவை ஒட்டி வரும்போது இரண்டிலும் காணாமல் போவார். அந்த இடத்தில் நிற்கச் சொல்லிவிட்டு இறங்கிப் போய்ப் பாருங்கள். ஒரு முழு பைக்கும் ஆளும் அங்கே நிற்பது உங்களுக்கே நம்ப முடியாது.
3. வலப்பக்கமும் இதையே செய்யுங்கள். காணாமல் போகும் பகுதி இங்கே சிறியது, கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் தெரிந்துவிடும். நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருவதால் இந்த வித்தியாசம்.
4. இனி பைக்கை முன்பக்கம், முப்பது மீட்டர் தள்ளி, குறுக்குச் சாலையில் வருவதுபோல வரச் சொல்லுங்கள். காரின் முன்கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே இருக்கும் சாய்வான தூணுக்குப் பின்னால் பைக் முழுதாக மறைகிற இடம் ஒன்று இருக்கும். கார் மெதுவாக நகர, பைக்கும் அதற்கேற்ற வேகத்தில் வந்தால், அந்த மறைவு பல நொடிகள் தொடரும்.

இதில் கிடைக்கும் பாடம் நேரடியானது. இடப்பக்கப் பின்கதவு அருகே காரோடு ஒரே வேகத்தில் போகாதீர்கள். ஒன்று பின்னால் இருங்கள், இல்லையென்றால் தாண்டிவிடுங்கள். பெங்களூரில் இன்னொரு சங்கடமும் உண்டு. நெருக்கடியில் உரசிவிடும் என்று இடது கண்ணாடியை மடக்கி வைத்துக்கொண்டே ஓட்டுகிற கார்கள் நிறைய. கண்ணாடி மடங்கியிருப்பதைப் பார்த்தால், அந்தப் பக்கம் அவருக்குக் கண்ணே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தெரிகிற இடத்தில் இருந்தாலும் பார்க்காமல் போவது உண்டு. ஓட்டுநர் தலையை வலமிருந்து இடமாகச் சட்டென்று திருப்பும்போது, கண் தாவுகிற அந்தக் கணத்தில் மூளை காட்சியைப் பதிவு செய்வதில்லை. கார் அகலமானது, தாவலுக்கு அப்பாலும் தெரியும். பைக் குறுகியது, இடையில் விழுந்துவிடும். போதாததற்கு, சிறிய பொருள் தொலைவில் இருப்பதாகவும் மெதுவாக வருவதாகவும் நமக்குத் தோன்றும். அதனால்தான் பஸ் வரும்போது காத்திருக்கிற கார் பைக் வரும்போது திரும்பிவிடுகிறது. 1981-இல் அமெரிக்காவின் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹர்ட் தலைமையில் வந்த ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. பைக்கும் வேறு வண்டியும் மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, அந்த மற்ற வண்டி பைக்கின் வழியில் குறுக்கிட்டதால் நடந்தவை என்று அது கண்டது. இங்கே சாலை வேறு, பழக்கம் வேறு. ஆனால் மனிதக் கண் ஒன்றுதான்.

வண்டியிலும் உடம்பிலும் சரிபார்க்க வேண்டியவை

இரண்டு சைடு கண்ணாடியும் இருக்க வேண்டும். அழகுக்காகக் கழற்றி வைப்பது இந்த ஊரில் தற்கொலைக்குச் சமம், அபராதமும் உண்டு. உங்கள் முழங்கை கண்ணாடியின் உள்ளோரத்தில் லேசாகத் தெரிகிற அளவுக்குத் திருப்பி வையுங்கள், பாதிக் கண்ணாடியில் தோள் தெரிந்தால் வீண். குவிந்த கண்ணாடியில் பின்னால் வரும் கார் உண்மையைவிடத் தள்ளித் தெரியும். ஆகவே பக்கம் மாறும் முன் ஒரு முறை தோளுக்கு மேல் திரும்பிப் பாருங்கள்.

முன் பிரேக், பின் பிரேக் இரண்டுக்கும் பின்விளக்கு எரிகிறதா என்று வாரம் ஒரு முறை சுவரோரம் நிறுத்திப் பாருங்கள். முன் பிரேக் லீவரில் இருக்கும் சின்ன ஸ்விட்ச் மழையில் கெட்டுப்போவது சகஜம், ஒரு வேளை நீங்கள் மாதக்கணக்கில் விளக்கு எரியாமலே பிரேக் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். டயர் காற்று வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்டபடி இருக்கட்டும். சாதாரண கம்யூட்டர் பைக்குக்கு முன் டயர் 25, பின் டயர் 28 பிஎஸ்ஐ அளவில் இருக்கும். பின்னால் ஆள் ஏறினால் பின் டயருக்குக் கூட்ட வேண்டும்.

ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 4151 என்ற எண்ணும் பாருங்கள். பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம், கர்நாடகத்தில் 2016 முதலே அமலில் இருக்கிறது. தாடைக்குக் கீழே பட்டை இரண்டு விரல் மட்டும் நுழைகிற அளவுக்கு இறுக்கமாக இருக்கட்டும். நிறம் விஷயத்தில் பலரும் கறுப்பையே எடுக்கிறார்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்தில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், ஒளிரும் அல்லது பளிச்சென்ற உடை போட்டவர்களுக்கு விபத்துக் காயம் 37 சதவீதமும், கறுப்பு ஹெல்மெட்டோடு ஒப்பிட வெள்ளை ஹெல்மெட்டுக்கு 24 சதவீதமும் குறைவாக இருந்தது. முந்நூறு, நானூறு ரூபாய் ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் போடக் கூச்சமாக இருந்தால், ஹெல்மெட் பின்புறமும் பையின் மேலும் ஒளிரும் டேப் ஒட்டுங்கள். அலுவலகப் பைதான் பின்னால் வரும் காருக்கு உங்கள் முதுகு. கறுப்புப் பையை மாட்டினால் பளபளக்கும் சட்டை போட்டும் பயனில்லை.

சாலையில் எந்த இடம்

ஒரு லேனை நீளவாக்கில் மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முன்னால் போகும் காரின் வலச் சக்கரம் ஓடுகிற தடம்தான் பெரும்பாலான நேரத்துக்கு நல்ல இடம். அந்தக் காரின் நடுக் கண்ணாடியிலும் வலது கண்ணாடியிலும் நீங்கள் தெரிவீர்கள், உங்களுக்கும் அவருக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று ஓரளவு தெரியும். கார் சக்கரம் ஏறிப்போன தடமாதலால் திடீர்ப் பள்ளமும் குறைவு. லேனின் நடுவில், குறிப்பாக சிக்னல் அருகே, வண்டிகள் நின்று சொட்டிய எண்ணெய் படிந்திருக்கும்.

இடது ஓரம் பத்திரம் என்று புதிதாக வருபவர்கள் நினைக்கிறார்கள். ஊரில் அது உண்மையாக இருக்கலாம். இங்கே ஓரத்தில் சட்டென்று நிற்கும் ஆட்டோ, எதிர்த்திசையில் வரும் டெலிவரி ஸ்கூட்டர், மூடி பெயர்ந்த வடிகால், திறக்கும் கதவு எல்லாம் காத்திருக்கின்றன. ஓரமாகப் போனால் இன்னொன்றும் நடக்கும். பின்னால் வரும் கார் "இவன் ஒதுங்கிவிட்டான்" என்று முடிவு செய்து, அதே லேனுக்குள் உங்களை உரசிக்கொண்டு முந்தும். லேனின் வலத் தடத்தில் போனால் அவர் முந்துவதற்கு முழுதாக அடுத்த லேனுக்கு மாற வேண்டியிருக்கும். இடத்தால் பேசுவது என்பது இதுதான். வாய் திறக்காமலே "இங்கே இடமில்லை, சுற்றிப் போங்கள்" என்று சொல்லிவிடுகிறீர்கள்.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. போக்குவரத்தின் வேகத்திலேயே போனால்தான் அந்த இடம் உங்களுடையது. எல்லோரும் ஐம்பதில் போகும்போது முப்பதில் நடு லேனில் போகிறவருக்கு யாரும் மரியாதை தரமாட்டார்கள். வேகம் இல்லையென்றால் இடது லேனுக்கு வந்துவிடுங்கள், அப்போதும் ஓரத்துக்குப் போகாமல் அந்த லேனின் நடுவிலிருந்து வலமாக இருங்கள்.

முன்னால் இருக்கும் காருக்கும் உங்களுக்கும் இரண்டு நொடி இடைவெளி என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கும். நாற்பதில் போகும்போது இரண்டு நொடி என்பது 22 மீட்டர். பெங்களூரில் அத்தனை இடம் விட்டால் ஒரு ஆட்டோவும் இரண்டு ஸ்கூட்டரும் வந்து நிரப்பிவிடும். நிரப்பட்டும். ஒவ்வொரு முறையும் ஆக்ஸிலரேட்டரைச் சற்றே விட்டு மறுபடி இடைவெளியை உண்டாக்குங்கள். வீடு போய்ச் சேர ஓரிரு நிமிடம் கூடலாம், அவ்வளவுதான். இடைவெளியை மூடிக்கொண்டு முந்தைய காரின் பம்பரோடு ஒட்டிப் போனால், அந்தக் காருக்கு அடியிலிருந்து ஒரு பள்ளம் வெளிப்படும்போது உங்களிடம் அரை நொடிகூட மிச்சமிருக்காது.

ஃப்ளைஓவர் தொடங்கும் இடங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். மேலே ஏறுவதா கீழே போவதா என்று மேப் கடைசி நேரத்தில் சொல்ல, கார் இரண்டு லேன் குறுக்கே வெட்டும். ஹெப்பாள், டெய்ரி சர்க்கிள் போன்ற இடங்களில் பிரிவுக்கு நூறு மீட்டர் முன்பே உங்கள் பாதையைத் தேர்ந்துவிட்டு, பிரிகிற முனையிலிருந்து ஒரு லேன் தள்ளிப் போங்கள். வழி தவறினால் அடுத்த யூ டர்னில் திரும்பி வரலாம், ஒன்றும் குடி முழுகாது.

நெரிசலில் கார்களுக்கு நடுவே உள்ள சந்துக்குள் நுழைவது

செய்யாதீர்கள் என்று சொல்வது எளிது. நெரிசலுக்குப் பெயர்போன சில்க் போர்டிலும் பெல்லந்தூரிலும் யாரும் கேட்கப் போவதில்லை. செய்வதாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள்.

கார்கள் நிற்கும்போதோ நடை வேகத்தில் நகரும்போதோ மட்டும் நுழையுங்கள். உங்கள் வேகம் அவற்றைவிட மணிக்கு 10 முதல் 15 கிலோமீட்டர்தான் கூடுதலாக இருக்கலாம். கார்கள் முப்பதுக்கு மேல் ஓடத் தொடங்கியதும் சந்தை விட்டு ஒரு லேனுக்குள் வந்து சாதாரண வண்டிபோலப் போங்கள். இரண்டு விரல் எப்போதும் முன் பிரேக் லீவர் மேல் இருக்கட்டும்.

எந்தச் சந்து? வலது ஓரத்து இரண்டு வரிசைக் கார்களுக்கு நடுவே போவது, இடது ஓரத்தில் போவதைவிட மேல். காரணம் டாக்ஸி. ரிங் ரோட்டில் சிக்னலில் நிற்கும்போதே பயணி "இங்கேயே இறங்கிக்கிறேன்" என்று இடப்பக்கப் பின்கதவைத் திறப்பார். ஓட்டுநரும் பார்க்கமாட்டார், பயணியும் பார்க்கமாட்டார். கதவு முழுதாகத் திறந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் வெளியே வரும். சந்தின் முழு அகலமே அவ்வளவுதான் இருக்கும்.

கதவு திறக்கும் முன் சில அறிகுறிகள் தெரியும். பின் இருக்கையில் தலை குனிந்து பையை எடுப்பது, உள்விளக்கு எரிவது, ஓட்டுநர் போனை எடுத்துத் தொகையைக் காட்டத் திரும்புவது, நான்கு இண்டிகேட்டரும் ஒன்றாக மின்னுவது. இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் நடை வேகத்துக்கு வந்து, ஹாரனைச் சின்னதாக ஒரு முறை தட்டிவிட்டுக் கடந்து போங்கள். அலுவலக வளாக வாசல், மெட்ரோ நிலையப் படிக்கட்டு, ஹோட்டல் முகப்பு இந்த மூன்றின் எதிரே நிற்கும் டாக்ஸி எல்லாமே கதவு திறக்கப் போகும் டாக்ஸி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லேன் மாறப்போகிற காரைக் கண்டுபிடிக்க இண்டிகேட்டரை நம்பாதீர்கள், அதன் முன்சக்கரத்தைப் பாருங்கள். உடல் நகரும் முன்பே சக்கரம் திரும்பும். ஒரு வரிசை நின்றிருக்க, பக்கத்து வரிசையில் ஒரு காரின் நீளத்துக்கு இடைவெளி திறந்தால், நிற்கும் வரிசையிலிருந்து ஒருவர் அதற்குள் பாய்வார். அந்த இடைவெளிக்கு நேராக நீங்கள் இருக்கக் கூடாது.

பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவே ஒருபோதும் நுழையாதீர்கள். பிஎம்டிசி மாநகர பஸ், நிறுத்தத்துக்கு எட்டு அடி தள்ளி நின்றே ஆட்களை இறக்கும், அவர்கள் நேராக உங்கள் மேல் இறங்குவார்கள். இடப்பக்கம் திரும்பும் பஸ்ஸின், டேங்கரின் பின்சக்கரம் முன்சக்கரம் போன பாதையில் வராது, உட்பக்கமாக வெட்டி வரும். முன்சக்கரம் உங்களைத் தாண்டிவிட்டது என்று நிம்மதியானவர்கள்தான் அதில் சிக்குகிறார்கள். டேங்கர் ஓட்டுநரின் கண்ணாடியில் நீங்கள் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்றால் அவரும் உங்களைப் பார்க்கவில்லை.

குறுக்கே திரும்பும் கார்: மெட்ரோ தூணும் மீடியன் (சாலை நடுத்திட்டு) இடைவெளியும்

பெங்களூரில் பைக்குக்கு மிகவும் ஆபத்தான இடம் எது என்று கேட்டால் நாங்கள் காட்டுவது இதைத்தான். சி.எம்.எச். ரோட்டிலும் கனகபுரா ரோட்டிலும் மெட்ரோ தூண்கள் வரிசையாக நிற்கின்றன. நடுவே யூ டர்ன் இடைவெளி. திரும்பக் காத்திருக்கும் காரைத் தூண் மறைக்கிறது, அந்தக் காருக்கு உங்களையும் தூண் மறைக்கிறது. ஓட்டுநர் பார்ப்பதற்காக மூக்கை ஒரு மீட்டர் வெளியே நீட்டுவார், பிறகு நிற்காமலே வந்துவிடுவார்.

நாற்பதில் வரும் பைக், ஆபத்தை உணர ஒரு நொடி, பிறகு நல்ல பிரேக், ஆக நிற்பதற்குச் சுமார் 21 மீட்டர் வேண்டும். அறுபதில் வந்தால் சுமார் 40 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்குதான், தூரம் ஏறக்குறைய இரு மடங்கு. ஈரச் சாலையில் அறுபதுக்கு ஐம்பது மீட்டரும் போதாமல் போகலாம். ஆகவே இடைவெளியை அணுகும்போது வரிசையாக இவற்றைச் செய்யுங்கள்:

1. அறுபது எழுபது மீட்டர் முன்பே ஆக்ஸிலரேட்டரை விட்டு நாற்பதுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு பிரேக்குக்கும் விரலும் காலும் தயார்.
2. மீடியனிலிருந்து விலகி லேனின் இடது பாதிக்கு நகருங்கள். தூணுக்குப் பின்னாலிருந்து நீங்கள் சீக்கிரம் தெரிவீர்கள், அவருக்கும் உங்களுக்கும் இடம் கூடும்.
3. இடம் இருந்தால் லேனுக்குள்ளேயே மெதுவாக ஒரு பக்கமிருந்து மறுபக்கம் ஒரு முறை நகர்ந்து வாருங்கள். நேர்கோட்டில் வரும் ஒற்றை விளக்கு பின்னணியோடு கலந்துவிடும். பக்கவாட்டில் நகரும் விளக்கைக் கண் பிடித்துக்கொள்ளும். பின்னால் கார் ஒட்டி வந்தால் இதைச் செய்யாதீர்கள்.
4. அந்தக் காரின் முன்சக்கரத்தைப் பாருங்கள், ஓட்டுநர் முகத்தை அல்ல. அவர் உங்களை நேராகப் பார்த்தபடியே வண்டியை எடுப்பார். சக்கரத்தின் ஸ்போக் சுழலத் தொடங்கினால் பிரேக் பிடியுங்கள்.
5. உங்கள் முன்னால் ஒரு கார் போனால் அதையே கேடயமாக்கிக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு நொடி பின்னால், பக்கவாட்டில் சேர்ந்து கடந்தால் திரும்பும் கார் காத்திருக்கும். பத்து நொடி கழித்துத் தனியாக வருகிற பைக்குக்குக் காத்திருக்காது.

2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற வண்டிகளில் 125 சிசிக்கு மேல், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும், அதற்குக் கீழ் இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பும் இருக்கும். பழைய வண்டி என்றால் பெரும்பாலும் இரண்டும் இருக்காது. முன் பிரேக்கைச் சட்டென்று நெருக்கினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஆளில்லாத சாலையில் நாற்பதிலிருந்து நிறுத்திப் பழகுங்கள், முதல் அரை நொடி மென்மையாகத் தொடங்கி பிறகு இறுக்க வேண்டும்.

விளக்கு, ஹாரன், கை

இண்டிகேட்டரைத் திரும்புவதற்கு மூன்று நொடி முன் போடுங்கள். அணைப்பது அதைவிட முக்கியம். காரில் ஸ்டியரிங் நேரானதும் அது தானே அணையும், பைக்கில் நாம்தான் அணைக்க வேண்டும். இடது இண்டிகேட்டர் மின்னிக்கொண்டே நேராக வருகிற பைக்கைப் பார்த்தால், குறுக்குத் தெருவில் நிற்கும் கார் "இவர் இங்கே திரும்பப் போகிறார்" என்று வெளியே வந்துவிடும். தப்பு யாருடையது என்று பிறகு பேசிப் பயனில்லை.

கியரைக் குறைத்து வேகம் குறைத்தால் பின்விளக்கு எரியாது. அதனால் நிற்கப் போகும் முன் பிரேக் லீவரை விளக்கு எரிகிற அளவுக்கு மட்டும் இரண்டு மூன்று முறை தட்டுங்கள். பின்னால் போனைப் பார்த்துக்கொண்டு வருபவரின் கண்ணை மின்னும் விளக்குதான் நிமிர்த்தும்.

ஹெட்லைட்டை அடித்தால் நம் நாட்டில் பெரும்பாலும் "நான் வருகிறேன், நில்லுங்கள்" என்று பொருள். எதிரே இருப்பவருக்கு வழிவிட விரும்பினால் விளக்கை அடிக்காதீர்கள், நின்று கையைக் காட்டுங்கள். 2017 ஏப்ரல் முதல் வந்த வண்டிகளில் பகலிலும் ஹெட்லைட் எரிந்துகொண்டே இருக்கும், அது லோ பீமில் இருக்கட்டும். பகலில் ஹை பீம் உங்கள் வேகத்தைக் கணிக்க முடியாமல் செய்வதோடு எரிச்சலும் உண்டாக்கும்.

இடப்பக்கம் லேன் மாறும்போது இடது கையை முழுதாக நீட்டி, கூடவே தலையையும் திருப்பிக் கேட்டால் பெங்களூர் கார்காரர்கள் வியக்கத்தக்க வகையில் விடுகிறார்கள். இண்டிகேட்டர் ஒரு இயந்திரம், கை ஒரு மனிதர். வலப்பக்கம் போக வேண்டுமென்றால் உங்கள் பின்னால் உட்கார்ந்திருப்பவர் வலது கையை நீட்டலாம், ஏனென்றால் உங்கள் வலது கை ஆக்ஸிலரேட்டரிலும் பிரேக்கிலும் இருக்கும். விட்டவருக்கு ஒரு கை உயர்த்தி நன்றி சொல்லிவிடுங்கள். அடுத்த பைக்குக்கும் அவர் விடுவார். சிக்னலில் பக்கத்தில் நிற்பவரிடம் வாய்விட்டுக் கேட்பதும் உண்டு, கன்னடத்தில் "ஸ்வல்ப ஜாகா பிடி சார்" (கொஞ்சம் இடம் விடுங்கள் சார்) என்றால் போதும். அல்சூர், விவேக் நகர் பக்கம் தமிழிலேயே பதில் வரும்.

பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் கார்

பின்னால் ஒருவர் நெருக்கினால் வேகத்தைக் கூட்டித் தப்பிக்க நினைப்பது இயல்பு. அவரும் கூட்டுவார். நேர்மாறாகச் செய்யுங்கள். உங்கள் முன்னால் இருக்கும் இடைவெளியை இரு மடங்காக்குங்கள், பிரேக் விளக்கை ஓரிரு முறை மின்னவிடுங்கள், இடம் கிடைத்ததும் இடது லேனுக்கு வந்து அவரை அனுப்பிவிடுங்கள். முன்னால் இடைவெளி இருந்தால் நீங்கள் திடீர் பிரேக் பிடிக்க வேண்டியிராது, அவர் உங்கள் மேல் ஏறவும் வேண்டியிராது.

சிக்னலில் வரிசையின் கடைசியில் நிற்கிறீர்கள் என்றால் நியூட்ரல் போடாதீர்கள். முதல் கியரில், கிளட்சைப் பிடித்தபடி, முன்னால் இருக்கும் காரின் நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாக நில்லுங்கள். கண்ணாடியில் பின்னால் பாருங்கள். குறைந்தது ஒரு கார் வந்து நின்றபின்தான் காலை ஊன்றி இளைப்பாறலாம். முன் வரிசைக்குப் போனால் ஸ்டாப் லைனுக்குப் பின்னாலேயே நில்லுங்கள், பெரிய சந்திப்புகளில் கேமரா இருக்கிறது. பச்சை விழுந்ததும் முதல் ஆளாகப் பாய வேண்டாம். குறுக்கே சிவப்பில் கடைசியாக வருகிற ஒருவர் நிச்சயம் இருப்பார், ஒரு நொடி இரண்டு பக்கமும் பாருங்கள்.

பள்ளம், மழை, இரவு

கார்காரர்கள் பைக் மேல் சொல்லும் முதல் குறை, சொல்லாமல் கொள்ளாமல் குறுக்கே வருகிறார்கள் என்பது. பெரும்பாலும் அதற்குக் காரணம் பள்ளம். கடைசி நொடியில் பள்ளத்தைப் பார்த்து வலப்பக்கம் ஒடித்தால், பக்கத்தில் வரும் காருக்கு அது எதிர்பாராத அசைவு. பின்னால் பார்க்க நேரமில்லை என்றால் ஒடிக்காதீர்கள். பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்து, சக்கரம் பள்ளத்தில் இறங்கும் முன் பிரேக்கை விட்டு, ஃபுட்ரெஸ்ட்டில் சற்றே எழுந்து நின்று ஏறி இறங்குங்கள். ரிம் வளைந்தால் மெக்கானிக் பார்த்துக்கொள்வார்.

ஏப்ரல், மே மாதத்தில் மாலையில் கொட்டும் முதல் மழையில் முதல் பதினைந்து நிமிடம்தான் மோசம். மாதக்கணக்கில் படிந்த எண்ணெயும் தூசியும் மிதக்கும், பிறகு அடித்துப் போய்விடும். அந்த நேரத்தை ஒரு டீக்கடையில் கழிப்பது நல்லது. மேம்பாலத்துக்கு அடியில் சாலையிலேயே நிற்காதீர்கள், பின்னால் வரும் காருக்கு அங்கே கூட்டமாக நிற்பீர்கள் என்று தெரியாது. மரத்திலிருந்து உதிர்ந்த பூவும் ஈரமானால் வழுக்கும். கான்கிரீட் போட்ட சாலைகளில் பழைய தாருக்கும் புதுத் தளத்துக்கும் நடுவே இரண்டு மூன்று அங்குல விளிம்பு நீளவாக்கில் ஓடும். அதைச் சாய்வாகக் கடந்தால் முன்சக்கரம் ஏறாமல் ஓரத்தோடு வழுக்கிக்கொண்டே போகும். முடிந்தவரை செங்குத்தாக ஏறுங்கள், இல்லையென்றால் அதே பக்கத்தில் தொடருங்கள். தண்ணீர் தேங்கிய சுரங்கப்பாதையில் ஆழம் தெரியாமல் இறங்க வேண்டாம்.

இரவில் எதிர்க்காரின் ஹை பீம் கண்ணைக் கூசினால், சாலையின் இடது விளிம்பைப் பார்த்து ஓட்டுங்கள். ஹெல்மெட் கண்ணாடியில் கீறல் இருந்தால் ஒளி சிதறி ஒன்றுமே தெரியாது. இருநூறு முந்நூறு ரூபாய்க்குப் புதுக் கண்ணாடி மாற்றிவிடலாம், கறுப்புக் கண்ணாடி பகலுக்கு மட்டும்.

சண்டையும் விபத்தும்

பானெட்டைத் தட்டுவது, கண்ணாடியை மடக்கிவிட்டுப் போவது, துரத்திப் போய்க் கேட்பது மூன்றும் வேண்டாம். ஒன்றரை டன் வண்டி கோபத்தில் இருக்கும்போது பக்கத்தில் இருக்கக் கூடாதவர் நீங்கள். கேமரா இருந்தால் எண்ணைக் குறித்துப் புகார் கொடுங்கள். மோதி விழுந்தால் முதலில் சாலையிலிருந்து ஓரத்துக்கு வாருங்கள், பிறகு வண்டி. ஆம்புலன்ஸுக்கு 108, போலீஸுக்கு 112. விழுந்தவரின் ஹெல்மெட்டை அவசரப்பட்டு இழுக்காதீர்கள், கழுத்தில் அடி இருக்கலாம்.

முதல் நான்கு வாரம்

வேலைக்குச் சேர்ந்த மறுநாளே மாரத்தஹள்ளிப் பாலத்துக்குப் போய் நிற்க வேண்டாம். முதல் வாரம் ஞாயிறு காலை ஏழு மணிக்கு முன் உங்கள் அலுவலகப் பாதையை இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். யூ டர்ன் இடைவெளி, பெயின்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கர், ஃப்ளைஓவர் பிரிவு எங்கெங்கே என்று மனதில் பதியட்டும். இரண்டாம் வாரம் நெரிசலுக்கு ஒரு மணி நேரம் முன்பே கிளம்புங்கள், சந்துக்குள் நுழையாமல் கார்களோடு வரிசையில் நின்று ஓட்டுங்கள். மூன்றாம் வாரம் வழக்கமான நேரத்தில் போகலாம், முடிந்த இடங்களில் சர்வீஸ் ரோடு. பின்னால் ஆளை ஏற்றுவதும் மழையில் ஓட்டுவதும் நான்காம் வாரத்துக்கு. குழந்தையை ஏற்றினால், ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரை ஹெல்மெட்டும் ஓட்டுபவரோடு கட்டும் பட்டையும் வேண்டும், வேகம் நாற்பதைத் தாண்டக் கூடாது. 2023 பிப்ரவரி முதல் இது விதி.

வார இறுதியில் மைசூருக்குப் போகத் திட்டமிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2023 ஆகஸ்ட் 1 முதல் பெங்களூரு-மைசூரு விரைவுச் சாலையின் முக்கியப் பாதையில் பைக்குக்கு அனுமதி இல்லை, ஓரத்துச் சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும். அது பிடதி, ராமநகரம், சன்னபட்டணம், மத்தூர், மண்டியா பக்கமாகப் போகும். எதிர்த்திசையில் வரும் உள்ளூர் வண்டிகள் அதில் சகஜம். விடிந்தபின் கிளம்பி, இருட்டும் முன் திரும்புங்கள்.